மூலக்குளத்தில் ஒரு பாட்டில்!

பாண்டிச்சேரி போய் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன் என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன். பக்கத்து சீட்காரர் ஃபைலை மூடிவிட்டு, நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

"என்ன சார் சரக்கு?"

"டாட் ஃபோர்."

"கேள்விப்பட்டதே இல்லையே... கிக் எப்படி?"

"குடித்தால் நேரே ஜிப்மர்தான். அது பிரேக் ஆயில்!"

நாற்காலி வந்த வழியே உருண்டு போய்விட்டது.

போகட்டும். நீங்கள் இருங்கள். இதைப் படித்து முடித்ததும் உங்களில் பாதிப் பேர் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு (தலையில் மாட்ட வேண்டும் சார்!) பைக்கை எடுக்கப் போகிறவர்கள். பைக்கை ஓட்டுவது எப்படி என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிறுத்துவது எப்படி என்று மூலக்குளத்தில் ஒருத்தர் எனக்குச் சொன்னார். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பாண்டிச்சேரி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கடற்கரை, காந்தி சிலை, மஞ்சள் சுவர் வீடுகள், சிவப்புத் தொப்பி போலீஸ்காரர். அதெல்லாம் ஊரின் முகம். முதுகு மேற்கே இருக்கிறது. இந்திரா காந்தி சதுக்கத்தில் கடலுக்கு டாட்டா காட்டிவிட்டு விழுப்புரம் சாலையில் திரும்பினால் ரெட்டியார்பாளையம். அதையும் தாண்டினால் மூலக்குளம். இன்னும் போனால் அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம், அப்புறம் வில்லியனூர். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் உழவர்கரை கொம்யூன், இன்றைக்கு உழவர்கரை நகராட்சி. காமிராவோடு டூரிஸ்ட் யாரும் இங்கே இறங்கி நான் பார்க்கவில்லை. பெயரில் குளம் இருக்கிறதே என்று தேடினேன். என் கண்ணில் பட்ட ஒரே நீர்நிலை, பஞ்சர் கடைக்காரர் டியூபை முக்கிப் பார்க்கிற இரும்புச் சட்டிதான்!

ஆனால் காலை எட்டரை மணிக்கு இந்த ரோட்டைப் பார்க்க வேண்டும். விழுப்புரத்திலிருந்து வருகிற பஸ்கள் ஏதோ கடலில் விழப்போகிற அவசரத்தில் ஒன்றையொன்று முந்தும். டெம்போக்களுக்கு யார் கை காட்டினாலும் அது ஸ்டாப். மூக்கைச் சொறிந்தாலும் ஸ்டாப். இதற்கு நடுவே வேலைக்குப் போகிற பைக்குகள். ரோட்டோரம் மணல். முன்னால் போகிற டெம்போ சடாரென்று நின்றால், மணிக்கு 40 கிலோமீட்டரில் வருகிற பைக்காரர், 'ஐயோ' என்று சொல்லி முடிப்பதற்குள் 11 மீட்டர் போய்விடுகிறார். ஒரே ஒரு செகண்டில்!

இந்த ரோட்டில்தான் தினமும் போகிறார் என் தங்கை வீட்டுக்காரர். வில்லியனூர் பக்கம் வீடு, பாண்டிச்சேரியில் ஆபீஸ். பெட்ரோல் டாங்க் மேல் ஸ்கூல் பையோடு உட்கார்ந்து வருவது என் மருமகள். ஒண்ணாம் கிளாஸ்.

பைக், 2019-ம் வருஷத்து 160 சி.சி. மாடல். செகண்ட் ஹாண்டில் வாங்கியது. வாங்கிய அன்றைக்கே எனக்குப் போன் வந்தது. "மச்சான்... ஏ.பி.எஸ். பிரேக்! இனிமே விழுறதுன்ற பேச்சே கிடையாது!"

கொஞ்ச நாளாக அந்த பிரேக் லீவரைப் பிடித்தால் பஞ்சுமிட்டாய் மாதிரி உள்ளே போகிறது என்று தங்கை மூலமாகத் தகவல். "அதான் ஏ.பி.எஸ். இருக்கே, அது பாத்துக்கும்" என்று மாப்பிள்ளை சொன்னாராம். தங்கை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு 'ஞாயிற்றுக்கிழமை நீயும் கூடப் போ' என்று அர்த்தம். போனேன்.

மூலக்குளம் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகை. ஐம்பது வயது தாண்டிய மெக்கானிக். பதினாலு வயதில் ஸ்பேனர் பிடித்தவராம். கேபிள் பிரேக், டிரம் பிரேக் எல்லாம் தூக்கத்தில் கழற்றி மாட்டுவார். லீவரை ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"இன்னா தம்பி... எத்தினி நாளா இப்டி இருக்குது?"

"ஒரு மாசம் இருக்கும்ணே. ஏ.பி.எஸ். ஏதாவது ரிப்பேரா?"

"ஏ.பி.எஸ். ரிப்பேர் இல்ல. அதுக்கு முன்னாடி பிரேக்னு ஒண்ணு இருக்குதே, அதோட ரிப்பேர்! ஏ.பி.எஸ். பிரேக் புடிக்கிற மிஷின்னு எல்லாரும் நெனச்சிக்கிறாங்க. அது பிரேக்கை *விடுற* மிஷின் தம்பி. புடிக்கிறது உன் கையும் ஆயிலும் பேடும்தான்."

கேட்டதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பார்த்தால் உண்மை. பயத்தில் பிரேக்கை ஒரே அமுக்காக அமுக்குகிறோம். சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டு அப்படியே வழுக்குகிறது. காராக இருந்தால் கோணலாகப் போய் நிற்கும். பைக்கில் முன்சக்கரம் இப்படிப் பூட்டிக்கொண்டால், நாம் கீழே, வண்டி மேலே! சக்கரத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு வளையம், அதன் பக்கத்தில் ஒரு சென்சார். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். 'ஐயா, சுத்தறது நிக்கப் போகுது!' என்று தகவல் போனதும், ஒரு சின்னப் பெட்டி பிரேக்கைக் கொஞ்சம் விட்டுப் பிடிக்கும். மறுபடி விடும், பிடிக்கும். ஒரு செகண்டுக்குள் பல தடவை. அப்போது லீவர் கையில் கடகடவென்று உதறும். பல பேர் பயந்துபோய் லீவரை விட்டுவிடுகிறார்களாம். விடவே கூடாது. 'நான் வேலை செய்கிறேன்' என்று அது சொல்கிற பாஷை அது!

மெக்கானிக் சாமான்களை எடுத்து வைக்கிற நேரத்தில் இந்தப் பெட்டியின் ஜாதகத்தைப் பார்த்துவிடலாம். இதற்கும் பாண்டிச்சேரிக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. 1920-களில் காப்ரியேல் வுவாஸான் என்ற பிரெஞ்சுக்காரர், ஆகாய விமானத்தின் சக்கரம் வழுக்காமல் இருக்க இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்து பார்த்தார். அப்புறம் டன்லப் கம்பெனி விமானங்களுக்காக 'மாக்ஸரெட்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. 1958-ல் இங்கிலாந்தின் சாலை ஆராய்ச்சிக் கூடம் அதை ஒரு மோட்டார் சைக்கிளில் மாட்டிப் பார்த்தது. எந்த மோட்டார் சைக்கிள் என்கிறீர்கள்? ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார்! வழுக்குகிற ரோட்டில், சக்கரம் பூட்டிக்கொண்டு நிற்பதைவிட 30 சதவிகிதம் வரை குறைந்த தூரத்தில் வண்டி நின்றது. ஆனால் என்ஃபீல்டின் அன்றைய டெக்னிக்கல் டைரக்டர் டோனி வில்சன் ஜோன்ஸ், இதற்கு எதிர்காலம் இருப்பதாகத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1955-ல், சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி ஆரம்பித்தாகிவிட்டது. அவர் மட்டும் 'சரி' என்று தலையாட்டியிருந்தால், நம் தாத்தாக்களின் புல்லட்டிலேயே இது வந்திருக்குமோ என்னமோ!

கடைசியில் 1988-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ கே-100 பைக்கில் எலெக்ட்ரானிக் ஏ.பி.எஸ். வந்தது. நம்ம ஊருக்கு 2011-ல், ஓசூர் டி.வி.எஸ். கம்பெனியின் அப்பாச்சி 180-ல் வந்து இறங்கியது. 2019 ஏப்ரல் 1-ம் தேதியிலிருந்து, 125 சி.சி.க்கு மேல் உள்ள புது பைக் என்றால் ஏ.பி.எஸ். கட்டாயம் என்று மத்திய அரசின் விதி. (தேதியைப் பார்த்து முட்டாள்கள் தின ஜோக் என்று யாரும் நினைக்க வேண்டாம்.) ஆக, எதிர்காலம் இல்லை என்று ஒதுக்கியது 61 வருஷம் கழித்துச் சட்டமாகவே வந்துவிட்டது.

"சட்டம் டில்லில போட்டுட்டாங்க சார். ஸ்பேனர் நம்ம கையிலதான இருக்குது" என்றார் மெக்கானிக். அன்றைக்கு ஷோரூமிலிருந்து பளபளவென்று போன வண்டிகள் எல்லாம் வாரன்டி முடிந்து, கை மாறி, இன்றைக்கு இந்த மாதிரிக் கொட்டகைகளுக்குத்தான் வந்துகொண்டிருக்கின்றன.

ஹாண்டில்பாரில் இருக்கும் குட்டி டப்பாவின் மூடியைத் திறந்தார். சுற்றிலும் ஈரத்துணி போட்டு மூடிவிட்டுத்தான் திறந்தார். பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் பெயின்ட் உரிந்துவிடுமாம். உள்ளே எட்டிப் பார்த்தோம். புது ஆயில் இளந்தேன் நிறத்தில் இருக்க வேண்டும். இது கும்பகோணம் டிகிரி காபிக்கு இறக்கி வைத்த டிகாக்ஷன்!

"ஆயில்னு பேருதான் சார். இது தண்ணி குடிக்கிற சாமான். காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கும். நம்ம ஊரு கடக்கரை ஊரு, கேக்கணுமா?"

பாட்டிலில் இருக்கிற 'டாட்' என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கெழுத்து. அவர்கள் கணக்குப்படி டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! பிரேக் பிடிக்கப் பிடிக்க டிஸ்க் சூடாகும். அந்தச் சூடு ஆயிலுக்கு வரும். கொதித்தால் குமிழி. ஆயிலை அமுக்க முடியாது, அதனால்தான் கை கொடுக்கிற அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. குமிழியை அமுக்கலாம். அப்புறம் நீங்கள் லீவரைப் பிடிப்பது குமிழியை நசுக்குவதற்கு மட்டும்தான். சக்கரம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

"பாண்டிச்சேரியில மலை ஏதுண்ணே? அவ்வளவு சூடாகுமா?" என்று மாப்பிள்ளை மடக்கினார்.

"லீவு விட்டா ஏற்காடு போறேன்னு நீதான சொன்ன? அதை விடு. உள்ள தண்ணி நின்னா துரு புடிக்கும். சாதா பிரேக்குல வாஷர், பிஸ்டனோட போவும். இதுல ஏ.பி.எஸ். பெட்டிக்கே போவும். பெட்டி வெல இன்னான்னு கேட்டுப் பாரு... நாலு நாளு தூக்கம் வராது."

அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்று என்று பல கம்பெனிகளின் புத்தகம் சொல்கிறது. அந்தப் புத்தகம் சீட்டுக்கு அடியில், பாலிதீன் கவர் பிரிக்கப்படாமல் பத்திரமாக இருக்கிறது!

என்னைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினார். "டாட் 4, சீல் ஒடைக்காத சின்ன பாட்டிலு. டாட் 5 குடுத்தா வாங்காதீங்க." நம்பர் பெரிதாக இருந்தால் உசத்தி என்று நினைக்கிற ஜாதி நாம். டாட் 5 என்பது சிலிகான் சமாசாரம், இதோடு சேராது. டாட் 5.1 என்று இன்னொன்று உண்டு, அது மட்டும் டாட் 4-க்குப் பங்காளி. புள்ளி ஒன்றில் குடும்பமே மாறிப்போகிறது. இந்தக் குழப்பமே வேண்டாம், டப்பாவின் மூடியில் என்ன நம்பர் அச்சடித்திருக்கிறதோ அதையே வாங்குங்கள். திறந்து மீதி வைத்த பாட்டிலும் வேண்டாம். அலமாரியில் உட்கார்ந்தபடியே அதுவும் தண்ணி போட ஆரம்பித்துவிடும்.

பிறகு 'ஏர் எடுக்கிற' படலம். சக்கரத்துப் பக்கம் காலிப்பரில் ஒரு குட்டி நிப்பிள். அதில் ரப்பர் மூடியைக் கழற்றி, எட்டாம் நம்பர் ஸ்பேனரை மாட்டி, கண்ணாடி மாதிரி டியூபைச் சொருகி, டியூபின் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கினார். லீவர் பொறுப்பு மாப்பிள்ளைக்கு.

"நாலு தடவ அமுக்கு... புடிச்சிக்கோ. நான் சொல்ற வரைக்கும் விடாத."

நிப்பிளைக் கால் சுற்று திறந்தார். டியூபில் டிகாக்ஷன் ஓடியது, நடுநடுவே சோடா மாதிரி குமிழி! லீவர் கைப்பிடியோடு ஒட்டியது. நிப்பிளை மூடினார். "இப்ப விடு." மூடின பிறகுதான் லீவரை விட வேண்டும். முந்திக்கொண்டு விட்டால் வெளியே போன காற்று 'மறந்துட்டேன்' என்று திரும்பி உள்ளே வந்துவிடும். அமுக்கு, பிடி, திற, மூடு, விடு. இந்த மந்திரம் இருபது தடவைக்கு மேல் நடந்தது. நடுநடுவே என் வேலை, டப்பாவில் ஆயில் கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது.

"இதை மட்டும் கவனமாப் பாத்துக்கங்க சார். முன்னாடி எவனோ டப்பாவ வத்த விட்டிருக்கான். அதான் இவ்ளோ ஏரு."

கடைசியில் டியூபில் தேன் நிறம் வந்தது. குமிழி நின்றது. லீவரை அழுத்தினால் கல் மாதிரி நிற்க வேண்டும். கெட்டியாகத்தான் ஆயிற்று. ஆனால் மெக்கானிக் முகம் கெட்டியாகவே இருந்தது. "இன்னும் ரவ சொதசொதன்னு இருக்குது" என்றார்.

சாதா பிரேக் என்றால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஏ.பி.எஸ். விவகாரமே இனிமேல்தான். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு கதவு. வர்ற கதவு எப்பவும் தொறந்திருக்கும், போற கதவு எப்பவும் மூடியிருக்கும். சக்கரம் பூட்டிக்கப் போவும்போதுதான் வர்றத மூடி, போறதத் தொறக்கும். போற கதவுக்குப் பின்னாடி ஒரு சின்ன ரூமு. ஏரு அதுல போய்ப் படுத்துக்கிச்சின்னா, நீ ஆயிரம் தடவ லீவர அமுக்கினாலும் வராது. கதவு மூடியிருக்குது இல்ல?"

"அப்போ?"

"கதவத் தட்டணும்!"

உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தார். பைக்குள் டவல், டவலுக்குள் செல்போன் சைஸில் ஸ்கேனர். ஒயரை சீட்டுக்கு அடியில் இருக்கும் பிளக்கில் மாட்டி, பட்டனைத் தட்டினார். பெட்டி 'விர்ர்' என்று ஒரு சத்தம் போட்டது. உள்ளே பம்ப் ஓடுகிறது, கதவு திறந்து மூடுகிறது. மறுபடி அமுக்கு, பிடி, திற, மூடு, விடு. டியூபில் ஒரு பெரிய குமிழி, பின்னாலேயே மூன்று குட்டிக் குமிழி வெளியே வந்தன. ஒளிந்திருந்த குடும்பம்! இப்போது லீவர் கல்.

"மூணு மெக்கானிக்கு சேந்து சீட்டு எடுத்து வாங்கனோம் சார் இத. வாரத்துல ரெண்டு நாளு என்கிட்ட இருக்கும். இந்த வயசுல கம்ப்யூட்டர் கத்துக்கிறியான்னு வூட்ல சிரிக்கிறாங்க. கத்துக்கலேன்னா நாளைக்கி பஞ்சர்தான் ஒட்டணும்."

வெறும் ஆயில் மாற்றும்போது டப்பாவை வற்ற விடாமல் பார்த்துக்கொண்டால் ஸ்கேனர் தேவைப்படாது. பெட்டியையோ ஹோஸையோ கழற்றினாலும், இந்த வண்டி மாதிரி காற்று புகுந்துவிட்டாலும்தான் அது வேண்டும். "மணல்ல போய் சடார்னு பிரேக் அடிச்சாலே அந்தக் கதவு தொறந்துடுமாமேண்ணே?" என்று மாப்பிள்ளை தன் பொது அறிவைக் காட்டினார். "தொறக்கும். பிரேக் சரியில்லாத வண்டிய எடுத்துக்கினு போயி பிரேக் அடிச்சிப் பாக்கிறதுன்னா... நீச்சல் வருதான்னு கெணத்துல குதிச்சிப் பாக்கிற மாதிரி. நீ போய்ட்டு வா, நான் சாரோட டீ சாப்பிடுறேன்" என்றார் மெக்கானிக்.

டீ வந்தது. டீயோடு இலவசமாக இன்னொரு பாடம். மீட்டர் போர்டில் ஏ.பி.எஸ். என்று ஒரு விளக்கு. சாவியைத் திருப்பினால் எரிய வேண்டும். வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்தால் ஏ.பி.எஸ். லீவில் போயிருக்கிறது என்று அர்த்தம். சாதா பிரேக் பிடிக்கும். ஆனால் சக்கரம் பூட்டிக்கொண்டால் கேட்க ஆளில்லை. காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். சென்சாரில் சேறு, ஒயர் அறுந்தது, பாட்டரி வீக், இல்லை... (பஞ்சர்காரர் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்) சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது அந்த வளையம் நெளிந்தது.

"சாவி போட்டா வெளக்கு எரியவே இல்லேன்னா?" என்றேன்.

"அதான் சார் டேஞ்சரு! செகண்ட் ஹாண்டு வாங்கறப்ப அதத்தான் மொதல்ல பாக்கணும். வெளக்கு எரியுதேன்னு பயந்து, வெளக்கையே புடுங்கிட்டு விக்கிறவன் இருக்கான்."

வண்டியை எடுக்கும் முன் நின்ற இடத்திலேயே நாலைந்து முறை லீவரை அழுத்தச் சொன்னார். மெதுவாக ஒரு ரவுண்டு போய்வந்தார் மாப்பிள்ளை. விளக்கு எரிந்தது, அணைந்தது. கூலி, ஆயில், டீ எல்லாம் சேர்த்தும் குடும்பத்தோடு ஒரு சினிமாவுக்குப் போகிற செலவு ஆகவில்லை. கிளம்பும்போது மெக்கானிக் மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார்.

"தம்பி, இந்த வண்டிக்கு முன் சக்கரத்துக்கு மட்டும்தான் ஏ.பி.எஸ்., பின்னாடி பழைய டிரம்மு. மணல்ல அதுவும் ரவ தள்ளித்தான் நிக்கும். மொட்ட டயரா இருந்தா அது இன்னா பண்ணும் பாவம்? டெம்போ பின்னால ஒட்டிக்கினு போவாத. டாங்கு மேல கொழந்தய வச்சிக்கினு வர்றியாமே... பின்னாடி பெல்ட்டுப் போட்டு ஒக்கார வையி."

மாப்பிள்ளை எதுவும் பேசவில்லை. மறுநாள் காலை மருமகள் பின்சீட்டில், அப்பாவின் இடுப்போடு பெல்ட்டால் கட்டப்பட்டுப் போனாள். அவளுக்குத்தான் கோபம், முன்னால் ரோடு தெரியவில்லையாம்.

உங்கள் வண்டிக்கு வருவோம். பெட்ரோல் போட ஞாபகம் இருக்கிறது. பாண்டிச்சேரியில் விலை குறைவு என்று எல்லை தாண்டிப் போய் டாங்க் நிரப்பத் தெரிகிறது. கடைசியாக பிரேக் ஆயில் எப்போது மாற்றினோம் என்று கேட்டால், பரீட்சையில் தெரியாத கேள்வி வந்த மாதிரி மேலே பார்க்கிறோம். ஆகவே இன்றைக்கு சாயந்திரம் ஆபீஸ் விட்டதும் ஒரு நிமிஷம் செலவழியுங்கள். குட்டி டப்பாவின் கண்ணாடி ஜன்னலில் ஆயில் தேனா, டிகாக்ஷனா பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் சும்மா ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேயத்தான் மட்டம் இறங்கும், பேடைப் பார்க்கச் சொல்லுங்கள். சாவியைப் போட்டு விளக்கு எரிகிறதா, வண்டி நகர்ந்ததும் அணைகிறதா பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், லீவரை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி நின்றால் தாராளமாகப் போய் வாருங்கள். பஞ்சுமிட்டாய் மாதிரி இருந்தால் வண்டியை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள் சார். ஜன்னலோரம் கிடைத்தால் காற்றும் இலவசம்!